கழுதைப் படத்துக்குக் குங்குமம் கொடுத்தேன்

பிள்ளையாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "அப்பனே, இன்றைக்கு ஒருநாள் வாயை அவிழ்த்துவிடப் போகிறேன். பொய்க்கு ஒன்று என்று தோப்புக்கரணம் போட்டுவிடுகிறேன். நீயே எண்ணிக்கொள்."

வேறு என்ன செய்ய? என் இளைய மகள் பிரமு மூன்று வருஷம் வெயிலில் அலைந்து, செங்கல் சூளைக் கழுதைகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறாள். தென்காசியில் முதல் தடவை போட்டபோது வந்தது நாலு பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். "ஞாயித்துக்கிழமை நம்மூர் நூலக மாடியிலயும் நாற்காலி காலியாக் கெடந்தா, கேமராவை வித்துட்டு வேற வேலை பாக்கப் போறேம்மா" என்று சொல்லிவிட்டாள். பெற்ற மனசு கேட்குமா?

கோவிலில் சதுர்த்தி பூஜை முடிந்து பெண்கள் சுண்டலுக்கு உட்கார்ந்திருந்தார்கள். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரியே ஆரம்பித்தேன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு எம் மக படம். எல்லாரும் வந்துரணும்."

"யாரு நடிச்சிருக்காங்கக்கா?" என்றாள் செல்லக்கனி. எதையும் லேசில் நம்பமாட்டாள்.

"கழுதை."

"ஹீரோயினு?"

"அதுவும் கழுதைதான்."

ஒரே சிரிப்பு. நான் அசரவில்லை. "சிரிங்க, சிரிங்க. தென்காசியில நாநூறு பேரு! நாற்காலி பத்தாம ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்து பாத்தாங்க."

(ஒன்று, பிள்ளையாரப்பா.)

"நாநூறா?" என்றாள் ராமலெட்சுமி மைனி.

"உள்ள நாநூறு மைனி. வெளிய நாலாயிரம். வழியில்லாம ஒரு பஸ்ஸே நின்னுபோச்சு. டிரைவர் எறங்கி வந்து படம் பாத்தாரு, பின்னாலயே கண்டக்டரும் பஸ்ஸுல இருந்த அம்பது பேரும்."

"ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தவங்க சண்டைக்கு வரலையா?" என்றாள் மைனி.

"அவங்கதான் மொத வரிசையில உக்காந்து அழுதாங்க. அவங்க அழுத தண்ணி ரோட்டுல ஓடுனதப் பாத்து, குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சிருச்சுன்னு சனங்க துண்டும் சோப்புமாக் கெளம்பிட்டாங்க!"

(நாலோ அஞ்சோ ஆகியிருக்கும். முட்டி இப்போதே வலித்தது.)

"கழுதை ஒண்ணும் படம் பாக்க வரலையாக்கா?" செல்லக்கனி கொக்கி போட்டாள்.

"வராமலா? முப்பது கழுதை! லாடத்தை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வரிசையா வந்துச்சு. படம் முடியுற வரைக்கும் ஒண்ணுகூட செல்போனை எடுக்கல, தெரியுமா? கடைசியில ஒரு வயசான கழுதை மட்டும் பிரமுகிட்ட வந்து, 'இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் தாயி'ன்னுச்சு."

மைனிக்குச் சுண்டல் புரையேறிவிட்டது.

"அதான் ஊரே பாத்தாச்சே," என்றாள் செல்லக்கனி பட்டென்று. "பெறகு எங்கள எதுக்குக் கூப்பிடுதிய?"

சிமிழை அவள் முன்னால் நீட்டினேன். குங்குமம் எடுத்துக்கொண்டால் போகாமல் இருக்கக் கூடாது. அது அவளுக்கும் தெரியும். சிமிழையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு விரல் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"எம்புட்டுப் பொய்னு பாக்கத்தான் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொரு பேர் வந்தார்கள். குங்குமம் கொடுத்து அழைத்ததால் பாதிப்பேர் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. செல்லக்கனி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிரமு அடுத்த நாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு சூளைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை, சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் செல்லக்கனி, காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள்.

"நீ எதுக்குடி?"

"நேத்து ரேஷன் கடை வரிசையில நம்ம படத்தைப் பத்திக் கொஞ்சம் பேசிட்டேன்க்கா," என்றாள் மூச்சு வாங்க. "இன்னும் நாப்பது கெடக்கு. பின்னால நில்லுங்க."