படத்தில் உள்ள வீடு

கானா நாட்டில் குமாசி நகரம். அங்கே ஃபிரிட்ஜ் கடை வைத்திருந்த தனுஷ்கோடிக்கு ஊரோடு ஒத்த புது மோஸ்தரில் ஒரு வீடு கட்ட ஆசை வந்தது. தட்டைக் கூரை, ஆளுயரக் கண்ணாடி, காற்று புகுந்து போக ஓட்டைக்கல் சுவர், மேலே சாம்பல் நிறப் பூச்சு. அக்கம்பக்கத்தில் அதுதான் பேச்சு.

கம்ப்யூட்டரில் போட்ட படம் ஒன்றை வாங்கிவந்து, உசிலம்பட்டியிலிருந்து வரவழைத்த மேஸ்திரி ஒச்சப்பனிடம் கொடுத்தார். "நான் ஊருக்குப் போயிட்டு ஆறு மாசத்துல வர்றேன். படத்துல உள்ளதை உள்ளபடி கட்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சரியா வந்தா இந்தத் தெருவுல இன்னும் ஆறு வீடு உனக்குத்தான். இல்லைன்னா மூட்டையைக் கட்டு."

ஒச்சப்பன் ஊரைவிட்டுக் கிளம்பும்போதே அவன் மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவன். வெறுங்கையோடு திரும்பினால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? அன்றிலிருந்து படத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினான்.

சுவர் எழும்பியது. ஓட்டைக்கல் ஒன்றில் ஒரு பல்லி குடியேறியது. படத்தில் பல்லி இல்லை. விரட்ட விரட்ட அது திரும்பி வந்ததால், அதை விரட்டுவதற்கென்றே சித்தாள் மொக்கையனை முழுநேர வேலைக்குப் போட்டார்கள்.

அடுத்த சிக்கல் வாழைமரம். படத்தில் அதன் நிழல் சுவரில் சாய்வாக விழுந்திருந்தது. கொத்தனார் சுருளி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணே, காலையில சரியாத்தான் இருந்துச்சு. இப்ப நிழல் நகந்து போயிருச்சு."

"மரம் சரியில்லையோ?"

"வேற மரம் வச்சும் பாத்தாச்சு. அதுக்கும் அதே புத்தி."

ஒச்சப்பன் படத்தைச் சுவரோடு ஒட்டிவைத்துப் பார்த்தான். "அப்ப நிழலைத் தாரால வரைஞ்சிரு. எங்கிட்டுப் போகுதுன்னு பாப்போம்."

வரைந்தார்கள். மறுநாள் காலை மரத்தின் சொந்த நிழலும் பக்கத்தில் வந்து விழுந்தது. கூடவும் கூடாது என்பது முதலாளி வாக்கு. ஆகவே மரத்துக்குக் குடை பிடிக்க இன்னொரு ஆளைப் போட்டார்கள். குடையின் நிழலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து தனுஷ்கோடி காரிலிருந்து இறங்கினார். பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"அச்சு அசல் அப்படியே இருக்குடா, ஒச்சப்பா."

கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தார். கால் மரவள்ளித் தோட்டத்துச் சேற்றில் இறங்கியது. எதிரே ஓர் ஆடு நின்று அவரைப் பார்த்தது. முன்சுவரைத் தவிர வேறு சுவரோ கூரையோ இல்லை.

"வீடு எங்கடா?"

ஒச்சப்பன் பணிவோடு படத்தை நீட்டினான். "படத்துல முன்பக்கம் மட்டுந்தான முதலாளி இருக்கு. நாங்களா எதையாச்சும் கூட்டிக் கட்டலாமா?"

"பின்பக்கம்னு ஒண்ணு இருக்கும்னு தோணலையா?"

"தோணாம என்ன முதலாளி? படத்தைத் திருப்பியும் பாத்தோம். வெறும் வெள்ளையா இருந்துச்சு. அதான் வெட்டவெளியா விட்டுட்டோம்."

அந்த நேரம் பார்த்து மழை கொட்டத் தொடங்கியது. தோட்டத்தின் நடுவே முதலாளி தொப்பலாக நனைந்து நின்றார். அதைக் கண்ட ஒச்சப்பனுக்கு மனசு கேட்கவில்லை. இதனால் ஆறு வீடும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் வேறு.

"சாரல் உள்ள அடிக்குது பாருங்க" என்று ஓடிப்போய், வாசல் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டான்.