உள்ளே யாருமில்லை என்ற பாட்டு

மூடிப்போன நூற்பாலையின் குடியிருப்பில் மரகதம் ஒரு படிப்பு வட்டம் நடத்திவந்தார். அங்கே எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதனால் யாருக்கு லாபம்? அரசாணையும் தப்பாது, கல்யாணப் பத்திரிகையும் தப்பாது.

அந்தக் கேள்வியை எல்லோரையும்விட உரக்கக் கேட்பவர் பொன்னுரங்கம். மரகதத்தைவிட ஓரிரு வயதே இளையவர். வேலைநிறுத்த நாட்களிலிருந்து அவரை அக்கா என்று அழைத்துப் பழகியவர்.

வகுப்பில்லாத ஒரு காலையில் அவர் கைபேசியோடு வந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மரகதத்தின் முன் நின்றார்.

"அக்கா, ஒரு பாட்டுக்குப் பொருள் தெரியணும்."

"பாட்டுக்கா? நீயா கேக்கறே?"

"வெண்மணி அனுப்பினது."

வெண்மணி அவருடைய ஒரே மகள். சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்து அழுதாள். "சங்கம் வைக்கத் துப்பில்லாத கூட்டத்துக்கு இதுதான் கதி" என்றார் பொன்னுரங்கம். மறுநாளே அவள் திரும்பிப் போய்விட்டாள். அதன்பின் பேச்சில்லை. இந்தப் பாட்டு மட்டும் வந்தது.

"போடு, கேப்போம்."

பிள்ளைகளெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு திரியும் பாட்டு அது. ஒரு பெண் தாழ்ந்த குரலில் பாடினாள். தட்டாதே, உள்ளே யாருமில்லை. என் பெயரை இருட்டு தின்றுவிட்டது. போய்விடு, போய்விடு.

"நீ என்னன்னு படிச்சே?"

"விரக்தியை விக்கிற சரக்குக்கா. தனியாக் கெடந்து சாவுன்னு சொல்லுது. பாட்டு போட்ட கம்பெனிக்கு லாபம். வரிவரியா மறுப்பு எழுதி அவளுக்கே அனுப்பிட்டேன்."

"அடப்பாவி. பதில் வந்துச்சா?"

"இல்லை. போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கிறா." அவர் குரல் இறங்கியது. "சாப்பிடும்போதுகூட போனைத் தட்டுக்குப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எங்கேயோ தப்பாப் படிச்சுட்டேன் போல. சரியான பொருளைச் சொல்லுங்க அக்கா. எழுதி அனுப்பினா எம்பிள்ளை பேசும்."

மரகதம் எழுந்து வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"தட்டாதே. உள்ளே யாருமில்லை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பொன்னுரங்கம் சிரித்தார். "இந்த வயசுல என்னக்கா வெளையாட்டு?"



அவர் காத்திருந்தார். தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. பெண்கள் குடங்களை நிரப்பி எடுத்துப் போனார்கள். தண்ணீர் நின்றும் போனது.

"அக்கா?"

உள்ளே ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை.

"அக்கா, உடம்புக்கு ஏதும் ஆயிடுச்சா? அக்கா!"

இரண்டு கைகளாலும் கதவை இடித்தார். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

கதவு திறந்தது.

"யாருமில்லைன்னு சொன்னேனே. எதுக்கு இந்த இடி இடிச்சே?"

"நல்லாக் கேட்டீங்க! நீங்கதானே உள்ளே இருந்து சொன்னீங்க?"

மரகதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார். கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் கதவுக்கு வெளியே நின்னு மறுப்பு எழுதியிருக்கேன்" என்றார்.

"சாயங்காலம் சென்னைக்கு வண்டி இருக்கு."

"போறேன். போய் நின்னு, அவ திறக்கலைன்னா?"

"அந்தப் பாட்டைப் பாடு."

"எனக்குக் கோஷம் போடத்தான் தெரியும். வாயைத் திறந்தா எல்லாமே தப்புத்தப்பா வரும்."

"தப்பாவே பாடு" என்றார் மரகதம். "உன் மகதானே? திருத்துறதுக்காவது எழுந்து வருவா."