சீசருக்கு முதல் டயாலிசிஸ்

முத்துக்கருப்பனுக்கு வயது நாற்பத்தெட்டு. கிராமத்து மாட்டு ஆஸ்பத்திரியில் இருபது வருடம் மாடுகளுக்குப் பிரசவம் பார்த்த கை அவருடையது. நாய்களுக்கு டயாலிசிஸ் செய்யக் கற்றுக்கொள்ள இப்போது நகரத்துக்கு வந்திருந்தார். கற்றுக்கொடுக்கிற டாக்டர் மெஹருன்னிசா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் புருனோவைப் பற்றித்தான்.

போன செவ்வாய்க்கிழமை புருனோ என்ற நாய் செத்துப்போனது. மூத்திரத்தில் போகவேண்டிய யூரியா அதன் ரத்தத்தில் ஏகத்துக்கு ஏறியிருந்தது. முதல் தடவை மெதுவாகத்தான் இறக்கணும் என்று மெஹருன்னிசா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டால்தானே? ஒரே மூச்சில் விஷத்தை எடுத்துவிடலாம் என்று முத்துக்கருப்பன் பம்பின் வேகத்தைக் கூட்டினார். யூரியா அழகாக இறங்கியது. நாய்க்கு மூளை வீங்கி, வலிப்பு வந்து, சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று காலை சீசர் வந்தது. சாக்கடைத் தண்ணீரைக் குடித்து எலிக்காய்ச்சல். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், இரண்டு நாளாக ஒரு சொட்டு மூத்திரம் இல்லை. மீன் விற்கிற பிலோமினா அதைத் தோளில் போட்டுத் தூக்கி வந்திருந்தாள்.

“பொழைச்சிருமா டாக்டர்?”

“பாதி பொழைக்குது, பாதி பொழைக்கறதில்ல,” என்றார் மெஹருன்னிசா. “இந்த மெஷின் கிட்னியைக் குணப்படுத்தாதும்மா. அது தானா தேறி வர்ற வரைக்கும் உசிரைப் பிடிச்சு வைக்கும்.”

பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப பிடிச்சு வைங்க.”

சீசரின் கழுத்தில் குழாயைப் பொருத்தியதும் மெஹருன்னிசா முத்துக்கருப்பனைப் பார்த்தார். “மெஷின்ல நீங்க நில்லுங்க சார்.”

“நானா? வேற யாராவது நிக்கட்டும் மேடம்.”

“நீங்கதான்.”

பம்பின் வேகத்தை மெஹருன்னிசாவே வைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்க்க வேண்டும். முத்துக்கருப்பன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தார். சீசர் காதை லேசாக ஆட்டியது. ஈ உட்கார்ந்தால் எந்த நாயும் ஆட்டும். அவருக்கு அது வலிப்பாகத் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் துடித்தது. இன்னும் குறைத்தார்.

மெஷின் அலறியது. ஓட்டம் குறைந்த ரத்தம் வடிகட்டியிலேயே உறைந்துவிட்டது. வெளியே வந்த ரத்தம் உள்ளே திரும்ப வழியில்லை. ஈறு வெளுத்தது.

மெஹருன்னிசா ஓடி வந்தார். குழாயை அடைத்தார். சேமித்து வைத்திருந்த நாய் ரத்தத்தை எடுத்து வந்து ஏற்றினார். ஈறில் மறுபடி நிறம் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு மெஹருன்னிசா புது வடிகட்டியை எடுத்து முத்துக்கருப்பன் கையில் வைத்தார்.

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “கூட்டினா சாகுது, குறைச்சா சாகப் பார்க்குது. இது ராசியில்லாத கை மேடம். என்னை விட்டுருங்க.”

“நான் முதல்ல பார்த்த நாய் பேரு ராக்கி,” என்றார் மெஹருன்னிசா. “நானும் வேகத்தைக் கூட்டித்தான் வெச்சேன். அன்னைக்கே போயிருச்சு.”

முத்துக்கருப்பன் நிமிர்ந்தார். “அப்புறம் எப்படி மேடம் அடுத்த நாயைத் தொட்டீங்க?”

மெஹருன்னிசா குனிந்து, காலையில் வைத்த அதே வேகத்தை மெஷினில் மறுபடி வைத்தார்.

“அடுத்த நாய்க்கு ராக்கியைத் தெரியாது சார். அதுக்கு மூத்திரம் போகணும், அவ்வளவுதான்.”