மன்றத்துக்கு வந்த முந்நூறு பேர்

ஓடைக்கரைப்பட்டி இசை ரசிகர் மன்றத்தில் உறுப்பினர்கள் நாலே பேர். நாலு பேரும் சேர்ந்து யோசித்தாலும் ஒரு ஆளின் யோசனை தேறாது. ஆனால் நல்ல மனுஷர்கள்.

பழைய டேப்ரெக்கார்டரை ஓரங்கட்டிவிட்டு, கம்ப்யூட்டரும் சுத்தமான இசைக்கென்றே உள்ள பிரீமியம் சாப்ட்வேரும் வாங்க வைத்தவர் செயலாளர் ஏகாம்பரம். தலைவர் பூலுடையாருக்கு அதில் மனத்தாங்கல்.

"இன்னைக்குச் சத்தம் சுத்தமா வரலைன்னா நீரு செயலாளர் கிடையாதுவே" என்று சொல்லிவிட்டார்.

ஏகாம்பரமோ மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரோடு 'செயலாளர்' என்று போட்டு ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டார்.

சாப்ட்வேரை ஏற்றித் தந்த டவுன்காரர் இரண்டே விஷயம் சொல்லியிருந்தார். பாட்டு ஓடும்போது கம்ப்யூட்டருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

முதல் காரியமாக உறுப்பினர் தங்கப்பழம் கம்ப்யூட்டர் பெட்டிமேல் இருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கினார். "குடம் சுமக்கதும் வேலைதான அண்ணாச்சி."

பூலுடையார் திரையின் மூலையை உற்றுப் பார்த்தார். "மணி காட்டிக்கிட்டு இருக்கே, அது வேலை இல்லையா?"

"நாம பாக்கதாலதான் காட்டுது. பாக்கலைன்னா நிறுத்திரும்" என்றார் ஏகாம்பரம்.

நாலு பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கப்பழம் நைசாகத் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்தலை அண்ணாச்சி. ரெண்டு நிமிஷம் கூடியிருக்கு."

வேறு வழியில்லாமல் ஏகாம்பரம் பாட்டைத் தட்டிவிட்டு, திரையைத் துண்டால் மூடினார். ஏதோ ஒரு சபாவில் கூட்டத்தோடு பதிவான கச்சேரி அது.

நேர் நடுவில் போட்டிருந்தது ஒரே நாற்காலி. பொறுப்பு செயலாளருடையது என்பதால் அவர் அடியில் உட்கார்ந்தார். அவர் மடியில் தங்கப்பழம், தங்கப்பழம் மடியில் நாலாவது உறுப்பினர் சுடலைமணி, எல்லாருக்கும் மேலே தலைவர். ஏகாம்பரத்துக்குப் பாட்டு கேட்கவில்லை, தன் விலா எலும்பு மட்டும்தான் கேட்டது.

"சத்தம் சுத்தமா வருதா?" என்று அடியிலிருந்து ஈனஸ்வரத்தில் விசாரித்தார்.

பாட்டு முடியப் போகிற நேரம். "அதை நான் ஒருத்தன் சொல்லக் கூடாது. ஓட்டுக்கு விடுதேன்" என்றார் பூலுடையார். "ஏகாம்பரம் செயலாளரா தொடரலாம்னு நினைக்கவங்க கை தட்டலாம்."

தங்கப்பழமும் சுடலைமணியும் விழுந்துவிடாமல் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். தட்டக் கை இல்லை. ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. அரங்கமே அதிரக் கைதட்டல் எழுந்தது.

"முந்நூறு பேர் இருக்கும்" என்றார் தலைவர் மிரண்டுபோய். "எப்ப வந்தாங்கவே?"

"நாம முதுகைக் காட்டி நின்னமே, அப்ப வந்திருப்பாங்க" என்றார் தங்கப்பழம்.

ஏகாம்பரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாரையும் தள்ளிவிட்டு எழுந்து ஓடி, இரண்டு கதவையும் அகலத் திறந்து, கூட்டம் மொத்தமும் வெளியேறட்டும் என்று அரை மணி நேரம் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். பிறகு வாசல் படியைக் குனிந்து பார்த்தார். நாலு ஜோடிச் செருப்பும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"முந்நூறு பேர் வந்து போயிருக்காங்க, ஒரு செருப்பு மாறலை பாருங்க" என்றார் கண் கலங்க. "கல்யாணத்துல இவங்களுக்குத் தனிப் பந்தி போடணும்."