கட்டைக்காலுக்கு ஓர் ஆட்சேபம்

அசமந்தூர் ராஜாவுக்குப் படைவீரர்கள் மேல் கொள்ளைப் பிரியம். சண்டை முடிந்து ஊர் திரும்பியவர்களின் வைத்தியச் செலவெல்லாம் இனி அரண்மனையுடையது என்று அறிவித்தார். அதற்கு விதி எழுத மூன்று பேரை நியமித்தார். அந்த மூவரைத் தேடிப் பிடிக்க அவர் ரொம்பவே சிரமப்பட்டிருக்க வேண்டும். அவ்வளவு முட்டாள்கள் ஒரே ஊரில் சுலபத்தில் அமைய மாட்டார்கள்.

தலைவர் மாசிலாமணி. மற்ற இருவர் சடகோபனும் பிச்சைமுத்துவும். 'போரில் கால் இழந்தவருக்குக் கட்டைக்கால் இலவசம்' என்று முதல் விதியை எழுதினார்கள். நல்ல விதிதான். ஊரில் கால் இழந்தவர் கருத்தபாண்டி ஒருவர்தான். தச்சரும் அவருக்கு அளவெடுத்து, பூவரசங்கட்டையில் வழவழவென்று ஒரு கால் செய்து குழுவிடம் கொடுத்துவிட்டார்.

கருத்தபாண்டி வாட்டசாட்டமான ஆள். அவரை வயலுக்கும் சந்தைக்கும் முதுகில் சுமந்து போகிறவள் மனைவி இருளாயி. "அறுப்பு முடியுற வரைக்கும்தான் சுமப்பேன். அப்புறம் உங்களைக் களத்துமேட்டுல இறக்கி வச்சுட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள்.

அறுப்பு முடிந்த மறுநாள் இருவரும் குழுவிடம் வந்தார்கள். கட்டைக்கால் மேசைமேல் இருந்தது.

"எடுத்துக்கலாமா?" என்றார் கருத்தபாண்டி.

"பொறுங்கண்ணே," என்றார் மாசிலாமணி. "ஊராரோட ஆட்சேபம் வந்து, அதைப் பரிசீலிச்ச பிறகுதான் விதி செல்லும்னு ராஜா உத்தரவு. தண்டோரா போட்டுப் பார்த்தோம். வீடு வீடாப் போய்க் கெஞ்சினோம். ஒருத்தரும் ஆட்சேபிக்க மாட்டேங்கிறாங்க."

"அப்ப நல்லதுதானே?"

"என்னண்ணே இப்படிப் பேசுறீங்க? வராத ஆட்சேபத்தை எப்படிப் பரிசீலிக்கிறது?" சடகோபன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிச்சைமுத்துதான் வழி கண்டுபிடித்தார். "நீங்களே ஒண்ணு சொல்லிடுங்களேன்."

கால் கிடைத்தால் சரி என்று நினைத்துக் கருத்தபாண்டி கத்தினார். "எனக்குக் கட்டைக்கால் வேண்டாம்!"

மூவரும் கைதட்டினார்கள். பரிசீலித்தார்கள். விதி அமலுக்கு வந்தது. கருத்தபாண்டி காலை எடுக்கக் கை நீட்டினார். சடகோபன் அதைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வேண்டாம்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"நீங்க சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். அதை வாபஸ் வாங்கிக்கிறேன்!"

"வாபஸ் வாங்கினா விதி செல்லாது. விதி செல்லலேன்னா கால் கிடையாது," என்றார் மாசிலாமணி. "வாங்காட்டி விதி செல்லும். ஆனா வேண்டாம்னவருக்கு எப்படிக் கொடுக்கிறது?"

இதை உச்சி வெயில் வரை விவாதித்தார்கள். எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி விவாதித்தார்கள். இத்தனை நேரமும் இருளாயி புருஷனை இறக்கி வைக்கவில்லை. ஒருவர்கூட அவளை உட்காரச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

அவளுக்கு அதைவிட ஆத்திரம். "அட பாவிகளா! இந்த மனுஷனைச் சுமந்து சுமந்து என் முதுகெலும்பே தேஞ்சு போச்சு. உங்க விதியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். உங்க மூணு பேர் காலையும் ஒடிச்சுப் போட்டாத்தான் புத்தி வரும்!"

மாசிலாமணியின் கண்கள் கலங்கின.

"தாயே! ஆட்சேபம்!"

அப்புறம் என்ன, அவள் ஆட்சேபத்தால் விதி செல்லுபடியாயிற்று. கருத்தபாண்டியின் ஆட்சேபம் வாபஸ் ஆனது. மூவரும் அவரை இறக்கி உட்காரவைத்து, தங்கள் கையாலேயே காலைக் கட்டிவிட்டார்கள். அவர் எழுந்து தட்டுத் தடுமாறி வாசல் வரை நடந்தார். இருளாயி முதுகை நிமிர்த்தி நின்று விக்கி விக்கி அழுதாள். அண்ணன் வீட்டுப் பேச்சு அத்தோடு நின்றது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

மறுநாள் விடிந்ததும் இருளாயி கதவைத் திறந்தாள். வாசலில் குழுவினர் மூவரும் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கால்களை நீட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் உலக்கை.

"என்னய்யா இது?"

மாசிலாமணி பணிவாகக் கும்பிட்டார். "உங்க ஆட்சேபத்தை ராத்திரி முழுக்கப் பரிசீலிச்சோம்மா. ஏகமனதா ஏத்துக்கிட்டோம். ஒரே ஒரு சந்தேகம்தான். வலது காலா, இடது காலான்னு நீங்க சொல்லலியே?"