எரியாத பிரேக் லைட்டும் மூன்று பெரிய மனிதர்களும்

மூவேலிப்பட்டி ஆண்களிடம் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. அந்த ஊர்க் குயிலிக்குப் பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்தில் நேர்காணல். பிந்தினால் இடம் அடுத்தவருக்கு. வீட்டில் கார் உண்டு. ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆகவே சாவி, ஊர் நியாயப்படி, பெரியப்பா மருதப்பரின் மடியில் இருந்தது.

"பிரேக் போட்டா பின்னாடி லைட் எரியல. எவனாவது வந்து இடிச்சா? சரிபண்ணாம சாவி கிடையாது."

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். "பெடலுக்கு மேல ஒரு சுவிட்ச் இருக்கும், அது போயிருக்கலாம். முதல்ல பிரேக்கை மிதிச்சு, பின்னாடி எரியுதான்னு பாருங்க" என்றான்.

சித்தப்பா வெள்ளைச்சாமி ஏறி உட்கார்ந்து மிதித்தார். கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பார்த்தார். "சீட்டுதான் தெரியுது."

"யோவ், இன்னொருத்தர் வண்டிக்குப் பின்னாடி போய் நிக்கணும்யா!" என்று போனில் கத்தினான் மெக்கானிக்.

அங்கேதான் வந்தது வம்பு.

"நான் என்ன எடுபிடியா, பின்னாடி போய் நிக்க?" என்றார் பெரியப்பா.

"வீட்டு மாப்பிள்ளையை நிக்கச் சொல்றீங்களோ?" என்று துண்டை உதறினார், அத்தையைக் கட்டிய மாமா இருளப்பன்.

"நான் நிக்கிறேன்" என்றாள் குயிலி.

"வயசுப்புள்ள நடுத்தெருவுல குனிஞ்சு நின்னா ஊர் என்ன பேசும்?"

"அப்ப லைட்டை யாரு பார்க்கிறது?"

"அதைத்தானே பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்!"

பேசி முடித்து, யார் கௌரவமும் கெடாமல், மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒன்றாக மிதித்தார்கள். முன்னால் பார்த்தார்கள். "சுத்தமா எரியலப்பா" என்று போனில் சொன்னார்கள்.

மெக்கானிக் பெருமூச்சு விட்டான். "சுவிட்சுக்குப் போற ரெண்டு ஒயரையும் கழட்டி ஒண்ணாச் சேருங்க. எரிஞ்சா சுவிட்ச்தான் கோளாறு."

அவர்கள் இறங்கி நிமிர்வதற்குள் குயிலி உள்ளே குனிந்து சேர்த்துவிட்டாள். பின்னால் பளிச்சென்று சிவப்பு. மூவரும் ஒரே வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள். அப்படிப் போனால் மரியாதைக் குறைவில்லை.

"சுவிட்ச்தான். டவுன்ல மாத்திக்கிறேன். சாவியக் குடுங்க பெரியப்பா, நேரமாச்சு."

பெரியப்பா தம்பியைப் பார்த்தார். "லைட் எரிஞ்சா என்னடா அர்த்தம்?"

"பிரேக் போட்டிருக்குன்னு அர்த்தம்ணே."

"பிரேக் போட்ட வண்டி?"

"நகராது."

"நகராத வண்டியில புள்ள தனியா உட்கார்ந்தா தப்பில்ல" என்று சாவியை நீட்டினார்.

குயிலி வாங்கினாள், ஏறினாள், கிளப்பினாள்.

"அண்ணே, புள்ள போகுது!"

"எங்கடா போகுது? லைட் எரியுது பாரு, வண்டி நிக்குது." பெரியப்பா கண்ணைச் சுருக்கினார். சிவப்பு வெளிச்சம் சிறுத்துக்கொண்டே போனது. அவர் அலறினார். "ஐயையோ, நாமதாண்டா பின்னாடி போயிட்டிருக்கோம்! எதையாவது பிடிங்க!"

மூவரும் பாய்ந்து கரண்டுக் கம்பத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

"விட்டுடாதீங்க மச்சான்" என்றார் இருளப்பன், கண்ணை இறுக மூடியபடி. "இப்பதான் வேகம் குறையுது."