லேஸ் அட்டையில ஓட்ட விழுந்த கதை

மிஷினா? போடி இவளே! காதலர் தினத்துக்குக் குடுக்குற, பூப்பின்னலாட்டம் ஓட்ட ஓட்டையா இருக்குற அந்த லேஸ் அட்டைக்கு மொதமொதல்ல ஓட்ட போட்டது ஒரு பூச்சிடி, புஷ்பலதா. சிரிக்காம கேளு.

அந்தக் காலத்துல, பூச்சி பொட்டெல்லாம் வாயத் தொறந்து பேசுன சமயம், சீமையில ஒரு துறைமுகத்துல எஸ்தருன்னு ஒருத்தி. தொப்பி தைக்கிறவ. எங்க சித்தியும்தான் தைப்பா, ஒரு ரவிக்கைக்கு மூணு கை வச்சவ... அது கெடக்கட்டும்.

எஸ்தருக்கு தாமஸ்னு ஒரு கப்பல்காரன் மேல ஆச. அவன் மறுநா காலையில கெளம்புறான். போனா மூணு வருசம். ரெண்டோ? மூணுதான். அதுக்குள்ள சொல்லிப்புடணும்னு, மாவுப்பசை பூசுன வழவழத் தாள்ல, "நீங்க வர்ற வரைக்கும் காத்திருப்பேன்"னு எழுதிட்டா. கீழ பேரப் போடலாமா வேண்டாமான்னு பேனாவக் கடிச்சிட்டு நிக்கிறா.

புஸ்தகத்துக்குள்ளேருந்து ராமபாணப் பூச்சி எட்டிப் பாத்துச்சு. வெள்ளியாட்டம் மின்னுமே, அதான். "அக்கா, பசை வாசம் ஆள இழுக்குது. கொஞ்சம் தின்னுக்கட்டுமா?"

இவ புத்தி இங்க இல்ல. "எழுத்த விட்டுட்டுத் தின்னுக்க"ன்னுட்டா.

பூச்சி சொன்ன சொல் தவறல. குடும்பத்தையே கூட்டியாந்து, எழுத்த மட்டும் விட்டுட்டு, மிச்சமெல்லாம் பொடிப்பொடி ஓட்ட! பேருக்குன்னு விட்டிருந்த மூலையும் போச்சு.

"அடப்பாவி!"

"அங்க எழுத்தே இல்லியேக்கா?"ன்னுச்சு.

வாசல்ல தபால்காரன் கொம்ப ஊதுறான். வேற தாள் இல்ல. அழுதுக்கிட்டே அப்படியே குடுத்துட்டா.

சாயங்காலம் தாமஸ் பிரிச்சுப் பாத்து முழிச்சான். இது சல்லடையா, கடுதாசியா? சன்னல்ல புடிச்சா செவுத்துல பூப்பூவா வெளிச்சம். பேரக் காணோம். வீடு வீடாப் போயி, "இது யாருது?"ன்னான். "நாந்தான், என் கைவேல!"ன்னு மூணு பொண்ணுங்க. நாலா? சரி, மூணு. அவனுக்குத் தல சுத்திப் போச்சு.

கடைசியா எஸ்தர் வீடு. அதப் பாத்ததும் மொகத்தப் பொத்திக்கிட்டா. "மன்னிச்சுடுங்க. பூச்சி தின்னுடுச்சு."

"மத்தவளுங்க ஓட்டைக்குப் பெரும பேசுனாளுங்க. மன்னிப்புக் கேட்டது நீ ஒருத்திதான்"னான் தாமஸ். "காத்திரு. வந்துடுறேன்."

வந்தான்டி, வராம என்ன?

அன்னையிலேருந்துதான் ஊர்ப்பொண்ணுங்க பூரா, தாள ஓட்ட ஓட்டையா வெட்டி, பேரே போடாம, காதலர் தினத்துக்குப் புடிச்சவனுக்கு அனுப்ப ஆரம்பிச்சது.

பாரு, இன்னும் ஒதட்டப் பிதுக்குறா. ஏ தனபாக்கியம்! உள்ள வரும்போது கத்திரிக்கோலும் ஒரு தாளும் கொண்டா, இவளுக்கு வெட்டியே காட்டுறேன்!